டெக்னிகல் டைரக்டர் அசன் மைதீன்

மேலப்பாளையத்து அசன் மைதீனுக்குப் பொய் சொல்ல வராது. அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய பதவி அதனால்தான் கிடைத்தது.

வளைகுடாவில் ஒரு கார் பந்தயத் திடலில் பல வருசம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். வண்ணாரப்பேட்டையில் ஒரு டயர் கடையில் பஞ்சருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த நமச்சிவாயம் அண்ணாச்சி பேச்சுக் கொடுத்தார்.

"அங்கன என்ன வேல பாத்தீரு, பாய்?"

"ரேஸ் டிராக்குல வண்டி ஓட்டினேன் அண்ணாச்சி."

அது முழு உண்மை. அவர் ஓட்டியது தண்ணி லாரி. பந்தயக் கார்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு, ரப்பர் கரியும் பாலைவன மணலும் படிந்த பாதையைக் கழுவிவிடுகிற லாரி. அதையும் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அடுத்தவர் பேசினால் ஒரு வாக்கியத்துக்கு மேல் கேட்கிற கெட்ட பழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது.

நமச்சிவாயத்துக்கு அரிசி ஆலை இருந்தது, கல்யாண மண்டபம் இருந்தது. இவை போக, ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே செம்மண் காடு ஒன்றும் இருந்தது. அதை மனைகளாகப் பிரித்து, கல் நட்டு, 'நகர்' என்று பேரும் வைத்திருந்தார். ஆடுகள் அந்தக் கல்லில் முதுகு சொறிந்துகொண்டன. மற்றபடி நகரத்தில் நடமாட்டம் இல்லை. சென்னையில் மருமகனோடு ஒரு நாள் பைக் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஞானம் பிறந்தது.

"நின்னு குடியிருக்கத்தான் ஒருத்தனும் வரல. நிக்காம ஓடுததுக்கு வரத்தானவே செய்வான்?" என்றார் அசன் மைதீனிடம். "நீரு வாரும். உம்மள மாதிரி அனுபவசாலிதான் வேணும்."

இப்படித்தான் அசன் மைதீன் 'பொருநை மோட்டார் ஸ்போர்ட்ஸ் சிட்டி'யின் டெக்னிகல் டைரக்டர் ஆனார். வீட்டில் வந்து சொன்னதும், அவர் மனைவி சித்தி ஜனாபா உளுந்து அரைப்பதை நிறுத்தினாள்.

"நீங்க ஓட்டுனது தண்ணி லாரின்னு சொன்னியளா மச்சான்?"

"சொல்ல விடலயே."

"அப்ப சரி. கேக்காதவங்க மேலதான் குத்தம்" என்று மறுபடி மிக்சியைப் போட்டாள்.

வளாகம் வளர்ந்த விதம் அபாரமானது. முதலில் ஒரே ஒரு தார் டிராக் என்றுதான் திட்டம். பாதி போட்டதும் தார்க்காரர் கோபித்துக்கொண்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் கிடந்த குண்டு குழிக்கு 'மோட்டோகிராஸ் மண் டிராக்' என்று பெயர் வைத்தார் அண்ணாச்சி. மனைகளுக்கு நடுவே போட்டிருந்த நேர் ரோடு, வளையாமல் சீறிப் பாய்கிற 'டிராக் ஸ்ட்ரிப்' ஆனது. அரிசி ஆலையில் வீணாய்க் கிடந்த பழைய லாரி டயர்களைக் கொண்டுவந்து வட்டமாக அடுக்கி, அதைச் சிறுவர்கள் குட்டிக் கார் ஓட்டுகிற 'கோ-கார்ட்' டிராக் என்றார். கடைசியில் வேறொரு தார்க்காரரைப் பிடித்து, சின்னதாக ஒரு தார் டிராக்கையும் முடித்துவிட்டார். நான்கு டிராக், ஒரே வளாகம் என்று நான்குவழிச் சாலையில் போர்டு வைத்தாகிவிட்டது. தோற்றுப்போன ஒவ்வொன்றும் ஒரு டிராக் ஆகும் என்றால், அண்ணாச்சியிடம் இன்னும் பத்து டிராக்குக்குச் சரக்கு இருந்தது.

தார் டிராக்குக்கு இன்ஜினீயர் செந்தில்முருகன். அதுவரை பஞ்சாயத்து ரோடு போட்டவர். மெயின் வளைவு வந்ததும் அவர் டைரக்டரிடம் மரியாதையாகக் கேட்டார்: "பாய், சாய்மானம் உள்பக்கமா வைக்கணுமா, வெளிப்பக்கமா?"

அசன் மைதீன் திகைத்தார். அத்தனை வருசம் கழுவிய ரோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அவர் பார்த்ததே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புதுச் சட்டைப் பையில் 'டைரக்டர்' என்று நூலில் தைத்திருந்தது. தண்ணி விசயம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

"தண்ணி வடியுத பக்கமா வைங்க" என்றார்.

இன்ஜினீயர் சுற்றிப் பார்த்தார். வெளிப்பக்கம் வாய்க்கால் இருந்தது, அதைத் தாண்டி வாழைத் தோட்டம். வெளிப்பக்கமே சாய்த்துவிட்டார்.

பலன் முதல் வெள்ளோட்டத்திலேயே தெரிந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருத்தன் பைக்கில் சீறிக்கொண்டு வளைவுக்கு வந்தான்; வளைவு திரும்பியது, அவன் திரும்பவில்லை. வாய்க்காலைத் தாண்டி வாழைக்குள் போய் விழுந்தான். சேறு மெத்தை மாதிரி இருந்ததால் சிராய்ப்போடு பிழைத்தான்.

தோட்டம் ஹெப்ரான் சாருடையது. பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவிர மற்ற நேரமெல்லாம் வாழையோடுதான் இருப்பார். சரிந்த மரத்தைப் பார்த்துவிட்டு அசன் மைதீனிடம் வந்தார்.

"ஏன் பாய், உங்க டிராக் என் தோட்டத்துலதான் முடியுதா?"

"மன்னிச்சிருங்க சார். சரி பண்ணிருதோம்."

சரி பண்ணத்தான் அசன் மைதீனும் அண்ணாச்சியிடம் சொன்னார். தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். அண்ணாச்சி சிரித்தார். "டைரக்டர் தப்பு பண்ணுவாராவே? அது சேலஞ்சிங் கார்னர்" என்று அதற்கும் ஒரு போர்டு எழுதச் சொன்னார்.

மறுநாளிலிருந்து ஹெப்ரான் சார் ஒரு கம்பில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு வளைவில் நின்றார். எவன் வேகமாக வந்தாலும் துண்டை ஆட்டி, வகுப்பறைக் குரலில் "ஏலே, பைய வாலே" என்று கத்தினார். ஆச்சரியம், பயல்கள் அடங்கினார்கள். இதைப் பார்த்த அண்ணாச்சி அவருக்கு ஒரு மஞ்சள் ஜாக்கெட்டைக் கொடுத்து, பந்தயப் பாதையின் தலைமைக் காவலாக, 'சீஃப் மார்ஷல்' ஆக்கிவிட்டார். சார் மறுக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு அவர் சொல்லை முதல்முதலாகக் கேட்டவர்கள் அந்தப் பயல்கள்தான்.

திறப்பு விழா வந்தது. கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பைக் ஓட்டிகள் வந்தார்கள். உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வேனில் சனம் வந்தது. சித்தி ஜனாபா பக்கத்து வீட்டு நஃபீஸத்தையும் கூட்டிக்கொண்டு, டிபன் வாளியோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பந்தயத்துக்கு முன்னால் ஒரு கார் வழிநடத்திப் போக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அது ஒதுங்கிக்கொள்ளும், பிறகு பைக்குகள் பாயும். "சர்வதேச அனுபவம் வாய்ந்த நம்ம பாய்" என்று மைக்கில் முழங்கி, அண்ணாச்சி அந்தக் கார்ச் சாவியை அசன் மைதீன் கையில் கொடுத்தார்.

பந்தயத் திடலில் அசன் மைதீன் ஒருநாளும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியவர் அல்ல. அன்றைக்கும் தாண்டவில்லை. பின்னால் பைக்குகள் உறும, அவர் கழுவிக்கொண்டு போகிற நிதானத்தில் ஒரு சுற்று வந்தார். ஒதுங்கப் பார்த்தால், ஒதுங்குகிற பாதையில் பந்தல் போட்டு, முக்கியஸ்தர்களை மாலையோடு உட்கார வைத்திருந்தார்கள். முக்கியஸ்தர்கள் மேல் ஏற்ற முடியாதே. இன்னொரு சுற்று போனார்.

சனத்துக்கு இந்த விதி ஒன்றும் தெரியாது. முதலில் போகிறவன் ஜெயிக்கிறான் என்பதுதான் தெரியும்.

"பாயை ஒருத்தனாலயும் முந்த முடியல பாத்தியாலே" என்றான் ஒருத்தன்.

"அரேபியாவுல ஓட்டுன கையாக்கும்" என்றான் இன்னொருத்தன். விசில் பறந்தது. நஃபீஸத் எழுந்து நின்று கைதட்டினாள். சித்தி ஜனாபா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மூன்றாவது சுற்றில் ஒரு கோவைப் பையன் பொறுமை இழந்து, வளைவில் காரை முந்தினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் முந்தினார்கள். ஹெப்ரான் சார் துண்டை ஆட்டினார், கத்தினார், கடைசியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓடி நின்றுகொண்டார். அண்ணாச்சியின் சேலஞ்சிங் கார்னர் வந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக வாழைக்குள் அனுப்பி வைத்தது. நாற்பதில் வந்த அசன் மைதீன் மட்டும் வளைவைத் தாண்டி, தன்னந்தனியாக எல்லைக்கோட்டைக் கடந்தார். முக்கியஸ்தர்களில் ஒருவர் எழுந்து அவருக்கு மாலை போட்டுவிட்டார்.

அவருக்கு மாலை கனத்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை என்று தெரிந்துகொண்டதும், அதைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டினார். மண் டிராக்கில் புழுதி அடக்க வாடகைக்கு எடுத்திருந்த தண்ணி லாரி ஓரமாக நின்றது. யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, குழாயைத் திறந்து, வளைவில் அப்பியிருந்த சேற்றையும் வாழைச் சாற்றையும் கழுவினார். திரும்பத் திரும்பப் போய்க் கழுவினார். ஊர் திரும்பிய பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து அவர் செய்த வேலை அது ஒன்றுதான். நெஞ்சு லேசாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பந்தயத்தை மறுபடி நடத்தி, ஒருவனை ஜெயிக்கவும் வைத்தார்கள். மறுநாள் பேப்பரில் மாலையோடு வந்த படம் அசன் மைதீனுடையது.

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனார். "எனக்கு இந்த டைரக்டர் வேல வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி லாரிய மட்டும் குடுங்க. அங்கனயும் அதத்தான் ஓட்டினேன்."

இந்த முறை அண்ணாச்சி முழுவதும் கேட்டார்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா வே?"

"சொல்ல வந்தேன்."

"சரி, லாரிய ஓட்டும். ஆனா டைரக்டராவே ஓட்டும். பேப்பர்ல வந்த பெறகு எறக்குனா நம்ம கம்பெனிக்குத்தான் கேவலம்."

அதன்படியே இன்றும் நடக்கிறது. பொருநை மோட்டார் ஸ்போர்ட்ஸ் சிட்டியில் தண்ணி லாரியை ஓட்டுவது டெக்னிகல் டைரக்டர். வளைவைக் கொத்தி உள்பக்கம் சாய்த்துப் போட்டுவிட்டார்கள். இப்போது ஹெப்ரான் சார் தோட்டத்துக்கு யாரும் வருவதில்லை. சாருக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. ஆனாலும் ஜாக்கெட்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. வருசத்துக்கு ஒன்றிரண்டு தடவை பந்தயம் உண்டு. அறுப்புக் காலத்தில் தார் டிராக்கில் நெல் காய்கிறது, டிராக் ஸ்ட்ரிப்பில் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிறார்கள். அண்ணாச்சி ஐந்தாவது டிராக் ஆலோசனையில் இருக்கிறார்.

போன மாதம் சித்தி ஜனாபா ஸ்கூட்டர் பழக வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஆளில்லாத டிராக்குக்கு அவளைக் கூட்டிப்போனார். "பைய, பைய" என்று பின்னாலேயே ஓடினார். பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். அவள் முழுச் சுற்றும் போய், வளைவில் சாய்ந்து திரும்பி, அவர் பக்கத்தில் வந்து பிரேக் போட்டாள்.

"எம்புட்டுல போனே?" என்றார் மிரண்டு போய்.

"நாப்பத்தஞ்சு."

"ஏறுங்க மச்சான்" என்றாள். அசன் மைதீன் ஏறி, பின்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.