ஜெயப்ரியா டிக்கெட் எடுத்த கயிற்று பஸ்

ஜெயப்ரியாவிடம் ஒரே ஒரு குறை. பிள்ளைகள் விளையாடினால் அவளால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவளுக்குச் சம்பளம் கொடுப்பதோ சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான்.

பெங்களூரில் உள்ள ஒரு ஆய்வு நிறுவனத்தில் அவள் களப்பணியாளர். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்களை யாரென்று நினைத்துக்கொள்கிறார்கள், யாரோடு சேர்கிறார்கள், எதைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று பார்த்து எழுதவேண்டும். போன ஊரில் கபடிக் கோட்டுக்குள் இறங்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். ஆய்வை நடத்தும் நிர்மலா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நீ பாக்கப் போறியா, ஆடப் போறியா? இன்னொரு தடவ இறங்கினா உனக்கு ஃபீல்டு கிடையாது. ஆபீஸ்ல உக்காந்து மத்தவங்க எழுதினத கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இரு."

"இனிமே இறங்க மாட்டேன் மேடம்" என்றாள் ஜெயப்ரியா. சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னாள்.

அவள் வளர்ந்தது மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு ஓசூர் வந்தவர். இடப்பக்க வீட்டில் தெலுங்கு, வலப்பக்க வீட்டில் கன்னடம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். குழாயடிச் சண்டையிலேயே மூன்று பாஷையும் கற்றுக்கொண்டாள். வீடு மாறும்போதெல்லாம் புது வீட்டுக்காரர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். அப்பா தொழிற்சாலையின் பெயரைச் சொல்வார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே மறுபடியும் அதையே கேட்பார். அந்தச் சிரிப்பை ஜெயப்ரியா இன்றுவரை மறக்கவில்லை. வயரிங் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் சமூகவியல் படித்ததற்கும் அந்தச் சிரிப்புதான் காரணம். யார் இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இந்தத் தடவை அவளை அனுப்பியது வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு ஊருக்கு. பேர் வேண்டாம். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் "நல்லவேளை, நம்ம ஊரு இல்ல" என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். புளியமரக் கிளையில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையில் கேட்டுக்குள் யார் முதலில் கால் வைக்கிறார்களோ, அன்றைக்கு முதல் மணியை அவர்கள்தான் அடிக்கவேண்டும். டீச்சரே முதலில் வந்தாலும் வெளியே நின்று ஒரு பிள்ளை வரும்வரை காத்திருப்பார். அந்த மணிக்காகவே முகம் கழுவாமல் ஓடிவருகிற பிள்ளைகள் உண்டு.

மூன்றாம் வகுப்பு காளியம்மாள் ஒருநாள்கூட அடித்ததில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற காலனிப் பிள்ளைகள் யாருமே அடித்ததில்லை.

"பெருசானதும் என்ன ஆவணும்?" என்று ஜெயப்ரியா கேட்டபோது, மற்ற பிள்ளைகள் டாக்டர், போலீஸ் என்றார்கள். காளியம்மாள் மரத்தைப் பார்த்தாள்.

"மணி அடிக்கணும்க்கா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு தடவ அடிக்கணும்."

டீச்சர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "அந்தப் பக்கத்துப் பசங்க எப்பவும் லேட்டுதாங்க மேடம். பழக்கம் அப்படி." ஜெயப்ரியாவும் அதை அப்படியே டேப்லெட்டில் பதிந்துகொண்டாள்.

"வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?" என்று அடுத்த கேள்வி.

"எங்கம்மாகிட்ட தெலுங்கு. இஸ்கூல்ல தமிழு. மாட்டுகிட்ட கன்னடம்."

"மாட்டுகிட்டயா?"

"அது முனிவேல் மாமா வீட்டு மாடுக்கா. கர்நாடகா சந்தையில புடிச்சது. அதுக்குத் தமிழே வராது. எங்கப்பாதான் ஓட்டுவாரு."

ஜெயப்ரியா சிரித்த சிரிப்பில் டேப்லெட் மடியிலிருந்து நழுவியது.

மதியச் சோற்றுக்குப் பிறகு பிள்ளைகள் பஸ் விளையாடினார்கள். மாங்கூடை கட்டுகிற கயிற்றின் இரு முனையையும் முடிந்து, உள்ளே வரிசையாக நின்றுகொள்வார்கள். முன்னால் டிரைவர், கடைசியில் கண்டக்டர். காளியம்மாள்தான் டிரைவர். மைதானத்திலேயே ஊரை வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு கல் காலனி, ஒரு கல் பள்ளிக்கூடம், நடுவில் நேராக ஒரு கோடு, தெரு. பஸ் காலனியில் கிளம்பியது. நேராகப் போகவேண்டியது, சர்ரென்று திரும்பி மைதானத்தின் மறுகோடிவரை ஓடி, வேலியோரமாகச் சுற்றி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"ஏய் டிரைவரு, இவ்ளோ சுத்து எதுக்கு?" என்றாள் ஜெயப்ரியா.

"அந்தத் தெருவுல பஸ்ஸு போவாதுக்கா. மாந்தோப்பு ரூட்டுதான்" என்றார்கள் எல்லாரும்.

பிள்ளைகள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. மேற்கே சூரியன் மறையும் என்பதுபோலச் சொன்னார்கள். ஜெயப்ரியா மறுநாள் காலை காலனியிலிருந்து அவர்களோடு தோப்பைச் சுற்றி நடந்து பார்த்தாள். அவளுக்கே கால் வலித்தது. பள்ளிக்குள் வரும்போது மணி அடித்து ஓய்ந்திருந்தது. "பழக்கம் அப்படி" என்று பதிந்ததை அங்கேயே நின்று அழித்தாள்.

காளியம்மாளின் அப்பா தீர்த்தகிரியைக் கேட்டாள்.

"யாரும் வேணாம்னு சொல்றதில்லம்மா. நாங்களே போறதில்ல."

"யாருமே சொன்னதில்லையா?"

"எங்கப்பாவ ஒருதடவ சத்தம் போட்டாங்களாம். அதோட சரி."

செத்துப்போன யாரோ ஒரு ஆள் ஒருநாள் போட்ட சத்தம். அது இன்னும் அந்தத் தெருமுனையில் காவல் நிற்கிறது, சம்பளமில்லாமல். முனிவேலின் மாட்டை ஏரில் பூட்டலாம், குளிப்பாட்டலாம், அதோடு கன்னடத்தில் கொஞ்சலாம். கொட்டகைக்குப் பின்வழியாக வந்தால் போதும். மாடு தெருவில் நடக்கலாம். மாட்டை ஓட்டுகிறவர் மகள் நடக்கக்கூடாது. இதற்குப் பெயர் பண்பாடு என்கிறார்கள்!

அந்தத் தெருவில் இருந்த தன் வீட்டில் முனிவேல் அவளுக்கு மாம்பழம் நறுக்கி வைத்து உபசரித்தார். நல்ல மனிதர் என்றுதான் ஊரே சொல்லும். அவர் மகன் பாலாஜிதான் பெரும்பாலும் பள்ளியில் முதல் மணி அடிப்பவன்.

"காலனிப் பிள்ளைங்க ஏன்ணா இந்தத் தெரு வழியா வர்றதில்ல?"

"யாரு வேணாம்னா? நான் சொன்னனா?"

"அப்ப வரலாமாண்ணா?"

முனிவேல் கத்தியைத் துடைத்தார். "வராதன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. அதுபாட்டுக்கு நடக்குதும்மா."

மழைகூட அதுபாட்டுக்குப் பெய்வதில்லை. அதற்கும் காரணம் உண்டு. மனிதன் போட்ட வேலி மட்டும் எப்படி அதுபாட்டுக்கு நிற்கும்? ஜெயப்ரியா பழத்தை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தாள்.

வழியைத் திறந்தது அவளல்ல, பாலாஜியின் ஆசை. அவனுக்குக் கண்டக்டராக வேண்டும். விசில்கூட வாங்கி வைத்திருந்தான்.

"நாளைக்கிக் காலையில நெசமாவே வீட்டுலருந்து பஸ் வுடலாம். நான்தான் கண்டக்டரு."

"நீ வந்து காலனியில ஏறு" என்றாள் காளியம்மாள்.

"கண்டக்டரு வீட்டாண்ட பஸ்ஸு நிக்கணும். இல்லன்னா விசிலு கிடையாது."

விசில் இல்லாத பஸ் எங்காவது உண்டா? காளியம்மாள் யோசித்தாள். அன்று சாயங்காலம் தீர்த்தகிரி ஜெயப்ரியாவைத் தேடி வந்தார்.

"பாப்பா போவேன்னு குதிக்கிறா. போவட்டும். ஆனா நீங்க கூட வருவீங்களா?"

ஜெயப்ரியாவுக்கு நிர்மலா மேடத்தின் குரல் காதில் கேட்டது. ஆபீஸ் நாற்காலியும் கண்ணில் வந்து போனது. "டிக்கெட் எடுத்துட்டே வர்றேண்ணா" என்றாள்.

காலையில் கயிற்று பஸ் காலனியை விட்டுக் கிளம்பியது. காளியம்மாள் முன்னால், பிள்ளைகள் நடுவில், கடைசியில் ஜெயப்ரியா. தெருமுனையில் டிரைவர் நின்றுவிட்டாள். பின்னால் ஒருவர்மேல் ஒருவர் இடித்தார்கள்.

"என்னடி, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றாள் ஜெயப்ரியா.

"பஸ்ஸுக்கு டீசலுக்கா" என்று திருத்திவிட்டு, காளியம்மாள் பெரிதாக மூச்சிழுத்து, "பீம்ம்ம்!" என்று உள்ளே நுழைந்தாள்.

குழாயடியில் முனிவேலின் மனைவி சரோஜம்மாள் குடத்தோடு நிமிர்ந்தார். "யாருடீ இதெல்லாம்?"

"வழி வுடுங்கத்த, ப்ரேக்கு புடிக்கல!"

சரோஜம்மாள் தன்னையறியாமல் ஓரமாகத் துள்ளினார். தண்ணீர் சிந்தியது. பஸ் முழுக்கச் சிரிப்பு.

பாலாஜி விசிலோடு வாசலில் நின்றான். ஆனால் தெருவை அடைத்துக்கொண்டு மாடு நின்றது. பாலாஜி "நகரு, நகரு" என்று தள்ளினான். மாடு அசைபோட்டது. முனிவேல் வெளியே வந்தார். அவரையும் பஸ்ஸையும் மாறிமாறிப் பார்த்துத் தெருவே நின்றது. ஜெயப்ரியாவின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது.

காளியம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. மாட்டைப் பார்த்துக் கன்னடத்தில் அதட்டினாள். "ஏய், ஆ கடெ ஹோகு!"

மாடு மரியாதையாக அந்தப் பக்கம் நகர்ந்தது. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த கங்கப்பன், முனிவேலின் பங்காளி, வெடித்துச் சிரித்தார். "டேய் முனிவேலு, உன் பேச்சக் கேக்காத மாடு அந்தப் புள்ள பேச்சக் கேக்குதுடா!"

முனிவேல் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஜெயப்ரியாவைப் பார்த்தார். "நான் சொன்னனா?" என்று அவளிடம் தானே கேட்டது ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"ஓரமா போங்க. சாணி கெடக்குது" என்று மட்டும் சொன்னார்.

பாலாஜி கயிற்றுக்குள் ஜெயப்ரியாவுக்குப் பின்னால் ஏறினான். "டிக்கெட், டிக்கெட்!" அவள் ஒரு மாவிலை கொடுத்தாள். விசில் ஊதியது. பஸ் தெருவின் மறுமுனைவரை நேராக, ஒரு திருப்பமும் இல்லாமல் பறந்தது.

பள்ளி கேட்டில் டீச்சர்கூட இன்னும் வந்திருக்கவில்லை. காளியம்மாள் கால் வைத்த பிறகுதான் பாலாஜிக்கு உறைத்தது.

"யே, நானும் ஒண்ணாத்தான வந்தேன்! மணி எனக்கு!"

"டிரைவரு முன்னாடி, கண்டக்டரு பின்னாடி. நீதான விசிலு கேட்ட?"

பாலாஜி ஜெயப்ரியாவைப் பார்த்தான். "நான் வெறும் பயணி" என்று அவள் கையை விரித்தாள்.

காளியம்மாள் இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் அடித்தாள். மறுபடி அடித்தாள். நிறுத்தவே இல்லை. டீச்சர் தனக்குத்தான் நேரமாகிவிட்டதென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே ஜெயப்ரியா நிர்மலா மேடத்துக்கு போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். மேடம் முதலில் கேட்டது இதைத்தான்.

"பஸ்ஸ நீயா ஓட்டின?"

"இல்ல மேடம். டிக்கெட் எடுத்து ஏறினேன்."

"அதையும் சேத்து எழுது. ஒண்ணு விடாம எழுது. அது என்ன சத்தம், காது கிழியுது?"

"முதல் மணி மேடம்."

"இவ்ளோ நேரமாவா?"

"பாக்கி நிறைய இருக்குது மேடம்" என்றாள் ஜெயப்ரியா. மரத்தடியில் பாலாஜி விசிலைக் கழற்றிக் காளியம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். நாளைக்கு அவனுக்கு டிரைவராக வேண்டுமாம். காளியம்மாள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.