பெயருக்கு முன்னால் ஒரு சாமந்தி

பியோ மோரான் வரைந்த கல்யாண அழைப்பிதழ் கைக்கு வந்தால், கல்யாணத்துக்குப் போகிறார்களோ இல்லையோ, அதை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். சியோலில் உல்ஜிரோ அச்சகச் சந்தில், பகலெல்லாம் தடதடக்கும் ஓர் அச்சகத்துக்கு மேலே அவள் அறை. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுப் போயும் போயும் அழைப்பிதழா என்று கூடப் படித்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பிறகு தங்கள் கல்யாணத்துக்கு அவர்களே அவளிடம்தான் வந்தார்கள், அதுவும் தள்ளுபடி கேட்டுக்கொண்டு.

அவளைத் தூக்கிவிட்டது ஒரு கிங்கோ மரக்கிளை. மாப்பிள்ளை பக்கம் இரண்டு மஞ்சள் இலை, பெண் பக்கம் இரண்டு. இலைக்கு ஒருவராக இரு வீட்டு அப்பா அம்மா பெயர்கள். மா சேரா என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வரைந்தது. அந்தப் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்து, வேலை வந்து குவிந்தது. இப்போது ஒரு பெரிய காகிதக் கம்பெனி, தன் புதிய அழைப்பிதழ் வரிசைக்கே அதுதான் வேண்டும் என்று நிற்கிறது. மோரான் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். மாட்டினாளே தவிர, அந்தச் சுவரை நேராகப் பார்த்து நாளாயிற்று.

விஷயம் இதுதான். சேரா தன் பக்கத்துக்கு அம்மா பெயரை மட்டும் கொடுத்திருந்தாள். அப்பா மா பியோங்குக், நூடுல்ஸ் கடை நொடித்துப்போனதும் ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவர். பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை. ஆக, ஓர் இலை காலி. மோரான் கிளையை இப்படி வளைத்தாள், அப்படி வளைத்தாள். அந்த மொட்டை இலை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"மூணு இலை மட்டும் வரைஞ்சா என்னக்கா?" என்றாள் சேரா.

"ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். பேசாம அப்பா பேரையும் போட்டு, முன்னாடி ஒரு சாமந்தி வச்சிடலாம்."

செத்துப்போனவர் பெயருக்கு முன்னால்தான் அங்கே வெள்ளைச் சாமந்தி வைப்பார்கள். சேராவின் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, இருக்காருக்கா. எங்கயோ இருக்காரு. வேளைக்குச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாச் சரி."

"இருக்கட்டுமே, யாரு இல்லைன்னா? ஓடிப்போனவர்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்டுல நூறு கேள்வி கேப்பாங்க. பூவைப் பாத்தா வாயே திறக்கமாட்டாங்க."

சம்பந்தி வீட்டை நினைத்துப் பயந்துகிடந்த பெண் தலையை ஆட்டிவிட்டாள். மோரான் சொன்னது சம்பந்திக்காக அல்ல, இலைக்காக. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். படம் எடுப்பாக வரவேண்டுமென்று உயிரோடு இருக்கிற மனிதரைச் சாகடித்த புண்ணியவதி! அந்தப் பூவை ஓர் இதழ் கோணாமல் ரசித்து ரசித்து வேறு வரைந்தாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு முற்பகல், வெளுத்த மேல்சட்டை போட்ட ஒருவர் படியேறி வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"வாங்க ஐயா. மகனுக்கா, மகளுக்கா?"

"மகளுக்கு. கல்யாணம் முடிஞ்சிடுச்சு." சுவரிலிருந்த சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுல பூ வச்சிருக்கே, அந்த ஆளு நான்தாம்மா."

மோரான் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"வெறுங்கையோட வரக்கூடாதேன்னு பழம் வாங்கினேன். செத்தவன் குடுத்தா சாப்பிடுவியோ, மாட்டியோ." தானே சொல்லித் தானே சிரித்தார். "ஊர்க்காரன் ஒருத்தன் சொல்லித்தான் கல்யாணமே தெரியும். கடைசியில நின்னு பாத்துட்டு வந்திடலாம்னு மண்டபத்து வாசல் வரைக்கும் போனேன். மேசையில இந்த அழைப்பிதழ் கிடந்துச்சு. செத்தவன் எப்படி உள்ள போறது? திரும்பிட்டேன். அதோட பின்பக்கம் உன் பேரும் விலாசமும் இருந்துச்சு."

"ஐயா, நான்..."

"திட்ட வரலம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தப் பூவை வைக்கச் சொன்னது என் மகதானா?"

கீழே இயந்திரம் தடதடத்தது. விஷயம் வெளியே போனால் கம்பெனிக்காரன் என்ன சொல்வான் என்றுதான் அந்த நேரத்திலும் அவள் புத்தி ஓடியது.

"கல்யாண வீட்டுல சொல்றதைத்தான் ஐயா நாங்க வரையறோம்."

"அதானே." அவர் எழுந்தார். "நான் செஞ்சதுக்கு இதுகூடக் குறைச்சல்தான். அவ மேல தப்பில்லை. பூ நல்லா வந்திருக்கும்மா." குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

ஆரஞ்சுப் பை மேசையில் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே அச்சகமும் சந்திலிருந்த மற்ற அச்சகங்களும் நின்றன. திடீரென்று வந்த அந்த அமைதியில் மோரானுக்குத் தன்னையே தாங்கமுடியவில்லை. முதலில் அவரைச் சாகடித்தாள். இப்போது அந்தப் பழியை அவர் மகள் தலையிலேயே கட்டி அனுப்பிவிட்டாள். இனி அந்த மனிதர் சாகும்வரை தன் மகளே தன்னைக் கொன்றுவிட்டதாகத்தான் நினைப்பார்.

அறைக்குள் போடும் செருப்போடு படியிறங்கி ஓடினாள். காகிதக் கட்டு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே அவர் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா! நான் பொய் சொல்லிட்டேன். பூ வைக்கச் சொன்னது நான்தான். ஒரு இலை காலியா நின்னுச்சு, படம் கெட்டுப்போகுமேன்னு... சேரா பதறிப்போயிட்டா. நான்தான் பயமுறுத்திச் சம்மதிக்க வச்சேன்."

இடுப்பு வளையக் குனிந்து நின்றாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"பதறிப்போயி என்ன சொன்னா? அப்படியே சொல்லு."

"'எங்கயோ இருக்காரு'ன்னா. 'வேளைக்குச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாச் சரி'ன்னா."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓர் அறை விட்டிருந்தால்கூட மோரானுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார். "மிஷின் சத்தத்துல சரியாக் கேக்கலை."

சந்தில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. மோரான் மறுபடியும் சொன்னாள்.