தப்பு என்மேலதான்

"தப்பு என்மேலதான் அக்கா, குடுங்க, பிரிச்சுத் தச்சிடுறேன்." சன்னலைவிட்டு ஒரு சாண் ஏறி நிற்கும் திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்த பெண்மணி அதோடு அடங்கிவிடுகிறார். கொதிக்கும் வெந்நீரில் போட்டுத் துணியைச் சுருங்கவைத்தவர் அவர்தான். அது தையல்காரருக்கும் தெரியும், பக்கத்துக் கடையில் செருப்பு விற்கும் எனக்கும் தெரியும். "அவங்க தப்புன்னா சண்டை வரும். என் தப்புன்னா வேலை வரும் அண்ணே" என்பார்.

ஒல்லியான உருவம். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா, சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டார். குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார், பாதி புரியாது.

சென்ற மாதம் அவர் சன்னல் அளவெடுத்துவிட்டு வந்த வீட்டில் ஒரு தங்கச் சங்கிலி காணாமல் போனது. போலீஸ் கடைக்கே வந்து அழைத்துப் போனது. துணைக்கு நானும் போனேன். ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு காவலர் அளவு நாடாவைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "கயிறு, நாடா எதுவும் உள்ள கூடாது." எதற்காக என்று புரிந்ததும் தையல்காரர் முகம் வெளிறிப்போனது.

இன்ஸ்பெக்டர் அதட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"படுக்கையறைக்குப் போனியா?"

"போகல சார்... இல்ல, போனேன் சார். பெரிய சன்னல் அங்கதான்."

"பீரோ தொறந்திருந்துச்சா?"

"பாக்கல சார். தொறந்துதான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

கேட்டதற்கு மேல் சொன்னார், சொன்னதை மாற்றிச் சொன்னார், நடுநடுவே ஓர் அசட்டுச் சிரிப்பு வேறு. தண்ணீர் கேட்டார், கொடுத்த தம்ளரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை. எடுத்தவனாக இருந்தால் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பான். இந்த மனிதரிடம் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பயத்தையே அவர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த வீட்டம்மா உன்னத்தான் கை காட்டுறாங்க. என்ன சொல்ற?"

"தப்பு என்மேலதான் சார்."

பழக்க தோஷம். மூளை தடுப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. மூலையில் எழுதிக்கொண்டிருந்த காவலர் நிமிர்ந்து பார்த்தார். "சார், இவரு எல்லார்கிட்டயும் இப்படித்தான்..." என்று நான் எழுந்தேன். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் கத்தினால்கூடத் தேவலை என்று தோன்றியது எனக்கு.

பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டிலிருந்தே போன் வந்தது. சங்கிலி மெத்தைக்கடியில் கிடந்ததாம். "சரி, நீ கெளம்பு" என்றார் இன்ஸ்பெக்டர். நாடாவைத் திருப்பிக் கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

நான் அவரை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, "என்னங்க ஆச்சு? உள்ள வாங்க மொதல்ல" என்று பதறினார். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. சட்டைப்பையையும் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். கைகளை அகல விரித்துக்கொண்டு, மனைவி பார்த்து முடிக்கட்டும் என்று நின்றார்.