வெங்காயம் இல்லை என்று சொன்னவள்

நஞ்சு வைத்தவள் அந்த நஞ்சையே கையில் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

போன மாதம், பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே இதைத்தான் நான் இரஞ்சிதத்திடம் கேட்டேன். இரஞ்சிதம் கணேசலிங்கத்தின் மனைவி. கணேசலிங்கம் என் மகன் சுகிர்தனின் கூட்டாளி. என் மருமகள் மிருணாளினி புருஷனுக்குக் கறியில் நஞ்சு போட்டுவிட்டு வீட்டை விட்டு ஓடினாள் என்று நாங்கள் வந்து குடியேறிய இந்த மல்கிரேவ் முழுவதும் ஒரு கதை ஓடுகிறதே, அது இரஞ்சிதத்தின் வீட்டுக் குசினியில் தாளித்து இறக்கிய கதை.

"அன்ரி, பெத்த பிள்ளையை விட்டுப்போட்டு மருமகளுக்கு வக்காலத்து வாங்கிறீங்களே?" என்றாள்.

"ஓம், வாங்கிறன். பெத்தபடியால்தான் எனக்கு அவனைத் தெரியும். உனக்கு அவன் கோயிலிலை சாம்பார் வாளி தூக்கிறது மட்டும்தானே தெரியும்."

"எங்கடை இவரும் அந்தக் கறியைத் திண்டவர். சாகக் கிடந்தவர், அன்ரி."

"சாகக் கிடக்கேல்லை, சத்தி எடுத்தவர். குடிச்ச விஸ்கியிலை பாதியும் அதோடை வந்தது. நிலத்தைத் துடைச்சது நான். எனக்குத் தெரியாதே?"

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. இரஞ்சிதம் எடுத்த வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு நகர்ந்து போனாள். ஆனால் கதை நிற்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கண் தெரியும்.

மிருணாளினி வவுனியாப் பிள்ளை. கலியாணம் கட்டி இங்கே வந்த நாளிலிருந்து நானும் அவளும் ஒரே வீட்டில்தான். முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை. பேச்சு மெதுவாக வரும், வேலை வேகமாக நடக்கும். குறை இல்லாதவள் என்று நான் சொல்ல மாட்டேன். கறிக்கு உப்புப் போட மறப்பாள். சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல.

பூக்கிழங்குப் பைத்தியம் அவளுக்கு ஒரு பகிடியில்தான் தொடங்கியது. ஒரு பங்குனி மாதம், இந்த நாட்டில் வெயில் இறங்கி மரங்களில் இலை பழுக்கத் தொடங்குகிற நேரம், தண்ணீர்க் குழாய் வாங்க நாங்கள் இருவரும் ஒரு செடிக்கடைக்குப் போயிருந்தோம். அங்கே வலைப்பைகளில் சின்னச் சின்ன உருண்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மாமி, இஞ்சை பாருங்கோ! இந்த விலைக்கு ஆர் வெங்காயம் வாங்கிறது?" என்று சிரித்தாள். பிறகுதான் பையில் இருந்த படத்தைப் பார்த்தாள். மஞ்சள் பூ. சிரிப்பு நின்றது. ஒரு பையை எடுத்துக் கூடைக்குள் போட்டாள்.

எங்கள் வீட்டு முன்வளவு களிமண். மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டதுபோலச் சத்தம் வரும். வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல், கிண்டிக் கிண்டிப் பதமாக்கினாள். கூர் மேலே, வேர் கீழே, கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் என்று எனக்கும் காட்டித் தந்தாள். நான் சிலதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அதுவும் முளைத்ததே! குளிர் முழுவதும் அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஆவணி பிறக்க, வேலி ஓரமெல்லாம் மஞ்சள். டாஃபொடில் என்றாள். அந்தப் பெயர் என் வாயில் இன்றைக்கும் சரியாக வராது.

அன்னையர் தினம் முடிந்ததும் முதியோர் இல்லத்தில் செவ்வந்திச் சட்டிகளைக் குப்பையில் போடுவார்கள். அதையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவாள். "பூத்தான் செத்தது மாமி, வேர் இருக்குது," என்று தண்டை அடியோடு வெட்டிவிட்டு வேரை மண்ணில் வைப்பாள். வருஷா வருஷம் அவை தாமாகவே வந்தன.

எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு நடக்கும்போது நின்று பார்ப்பார். "அழகாக இருக்கிறது" என்பார். இவள் "நன்றி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அதை ஒருநாள் சுகிர்தன் யன்னலுக்குள்ளால் பார்த்தான்.

"பூ ஆருக்கடி? அந்தக் கிழவனுக்கோ?"

"என்ன கதை இது? வீட்டுக்குத்தானே."

அந்தத் தண்ணீர்க் குழாயை இரண்டாக மடித்து அவளை அடித்தான். முதுகு, தோள், தடுக்க வந்த கை. நான் குறுக்கே விழுந்தேன், எனக்கும் இரண்டு விழுந்தது. பிறகு புல்லு வெட்டுகிற மெஷினை இழுத்துக்கொண்டு போய், பூத்து நின்ற பாத்தியின் மேல் ஏற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினான். மஞ்சளும் பச்சையும் சுவரெல்லாம் தெறித்தது. அவள் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூவுக்காக அழவில்லை. "இலையை வெட்டிப்போட்டார், மாமி. இலை பழுக்கிற வரைக்கும் விட்டால்தான் கிழங்குக்குச் சாப்பாடு," என்றுதான் சொன்னாள். அடுத்த வருஷம் இலை மட்டும் வந்தது. பூ இல்லை. அவள் புதுக்கிழங்கு வாங்கி, திரும்பவும் கிண்டினாள்.

அவன் அடிக்காத மாதம் இல்லை. வேலையிடத்தில் யாராவது ஏதும் சொன்னால் அடி. கோப்பை கழுவாமல் கிடந்தால் அடி. கண்ணாடிக் கதவுக்குள் அவள் விரலை வைத்து இழுத்துச் சாத்தியவன் அவன். சின்ன விரல் இன்றைக்கும் நிமிராது. கோயிலில் கேட்டவர்களுக்கு வேலையிடத்து மெஷினில் அகப்பட்டது என்று சொன்னாள். இரஞ்சிதமும் கேட்டவள்தான்.

அப்போதே ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். போ பிள்ளை என்று எத்தனை தரம் சொன்னேன்.

"போனால் என்ன கதைப்பினம், மாமி? வவுனியாவிலை அம்மாவின்ரை காதுக்கு எப்பிடிப் போகும்? தங்கச்சிக்கு இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை."

அந்த வீட்டுக்குள் அவளைக் கட்டிவைத்தது என் மகன் மட்டும் இல்லை. இந்த வாய்களும்தான். எந்தக் கதைக்குப் பயந்து அடி தின்றுகொண்டு இருந்தாளோ, அதைவிடப் பெரிய கதையை இப்போது அவள் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

சரி, கறிக்கு வருகிறேன்.

இந்த வருஷம் டூலிப் என்று இன்னொரு பூக்கிழங்கும் வாங்கினாள். இந்த ஊர்க் குளிர் அதற்குப் போதாதாம், நடுவதற்கு முதல் சில கிழமை பிரிட்ஜுக்குள் இருக்கவேண்டுமாம். டாஃபொடிலையும் டூலிப்பையும் ஒரே காகிதப்பையில் போட்டு, கீழ் இழுப்பறைக்குள் வைத்தாள். அப்பிளைக்கூட அந்தப் பக்கம் வைக்க விடமாட்டாள். பழத்தின் மூச்சுப் பட்டால் உள்ளே இருக்கிற மொட்டுச் செத்துவிடும் என்பாள். எனக்கு வாசிக்கத் தெரியாதென்று பைக்குச் சிவப்பு நூல் கட்டினாள். அன்று இராச் சாப்பாட்டில், மூன்று பேரும் மேசையில் இருக்கும்போது, வாயைத் திறந்து சொன்னாள்:

"சிவப்பு நூல் கட்டின பையிலை இருக்கிறது வெங்காயம் இல்லை. பூக்கிழங்கு. திண்டால் சத்தியும் வருத்தமும் வரும். ஒருத்தரும் எடுத்துச் சமைச்சுப் போடாதேங்கோ."

நான் "ஓம்" என்றேன். சுகிர்தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றான். அவள் பேசினால் அவன் காதுக்குள் ஏறுவதில்லை. அதுதான் அவனுக்கு வந்த வருத்தம், வேறொன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். கணேசலிங்கம் போத்தலோடு வந்தான். "நான் வைக்கிற ஆட்டிறைச்சிக் கறியை நீ திண்டு பார்க்கவேணும்" என்று சுகிர்தன் குசினிக்குள் நுழைந்தான். நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே சின்ன வெங்காயம் கிடைப்பது எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டிறைச்சிக்கு அதை முழுசாக உரித்துப் போட்டால்தான் எங்கள் ஆட்களுக்குக் கறி. இழுப்பறையைத் திறந்திருக்கிறான். பையைக் கண்டிருக்கிறான்.

அவன் கத்தியது வெளியே எனக்குக் கேட்டது. "பார் மச்சான், சின்ன வெங்காயத்தை எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறாள்! நூலும் கட்டி வைச்சிருக்கிறாள்!"

எந்த நூல் என்று எனக்கு உடனே ஓடவில்லை. வளவு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் விளங்கி, நான் உள்ளே ஓடிவர, கறி வெந்து இறங்கி, இரண்டு பேரும் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தார்கள்.

"கொஞ்சம் கசக்குது, மச்சான்," என்று கணேசலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வெந்தயம் கூடிட்டுது. நீ குடி, தெரியாது."

"டேய், எந்தப் பையடா எடுத்தனி?" என்று கேட்டேன்.

"போணை அங்காலை," என்றான்.

விஸ்கிப் போத்தல் பாதி இறங்க முதலே சத்தி தொடங்கிவிட்டது. ஒருவன் குளியலறையில், மற்றவன் குசினி நிலத்தில். நான் மிருணாளினிக்கு ஃபோன் போட்டேன். வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்தவளைக் கண்டதும் அவன் நிலத்தில் கிடந்தபடியே, "நஞ்சு வைச்சிட்டியேடி," என்று எழும்பி, மிச்சக் கறியைச் சூடாக்க வைத்து, அணைக்காமல் விட்ட அடுப்பில் கொதித்த சட்டியைத் தூக்கி அவள் மேல் எறிந்தான். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோனது. தோலோடு சட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அப்படியே நின்றுதான் அம்புலன்ஸுக்கு அடித்தாள். அழைப்பில் இருந்தபடியே, பையில் மிஞ்சிக் கிடந்ததில் ஒரு கிழங்கை எடுத்துக் கடதாசியில் சுற்றினாள்.

"எதுக்கு அது?" என்றேன்.

"இன்ன கிழங்கு எண்டு தெரிஞ்சால்தான் டொக்டர்மார் சரியா மருந்து குடுப்பினம், மாமி."

ஆஸ்பத்திரியில் அதைத்தான் நீட்டினாள். டொக்டர்ப் பிள்ளை வாங்கிப் பார்த்து, வெங்காயம் என்று நினைத்து இதைத் தின்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு என்று சொன்னதாம். சேலைன் ஏற்றி, ஒரு இரவு வைத்திருந்து, இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். அவள் கைக்கும் கட்டுப் போட்டார்கள். எப்படி வெந்தது என்று கேட்டதற்கு, சட்டி சரிந்தது என்றாள். அப்போதும் புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கணேசலிங்கம் வீட்டுக்குப் போய்ச் சொன்னது என்ன? "நஞ்சோடையே வந்து டொக்டரிட்டை ஒப்புக்கொண்டவள்." இதுதான் நீங்கள் கேட்டு நடக்கிற கதை.

அதற்கு அடுத்த திங்கள் காலை, அவளுக்கு லீவு. வெயில் நன்றாக ஏறியிருந்தது. நடுகிற காலம் போகிறதே என்று, ஒரு கை கட்டோடு, மிஞ்சிய கிழங்குகளை வாளியில் போட்டு முன்வளவில் இருந்து நட்டுக்கொண்டிருந்தாள். சுகிர்தன் வெறுங்காலோடு வெளியே வந்தான். வாளியைப் பார்த்தான்.

"இன்னும் நடுறியோ? இன்னும்?"

தலைமயிரில் பிடித்தான். வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளினான். படியால் இழுத்து, குசினிக்குள் கொண்டுவந்து, பிரிட்ஜோடு சாத்தி, அவள் வாய்க்குள் பச்சைக் கிழங்கை அடைத்தான்.

"தின்னடி! எனக்குத் தீத்தினதை நீயும் தின்! விழுங்கு!"

உள்ளங்கையால் வாயைப் பொத்தி, தலையைப் பிரிட்ஜ் கதவில் மோதினான். ஒருமுறை இல்லை. மேலே இருந்த டப்பாக்கள் உருண்டு விழுந்தன. அவள் கண் மேலே போனது. வாயின் ஓரத்தால் இரத்தமும் கிழங்குச் சாறும் வடிந்தது. இந்த முறை அவன் விடமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் அறிவேன், நான் பெற்றது.

அடுப்பில் இருந்த தோசைக்கல்லை எடுத்து அவன் தோளில் போட்டேன். பலமாகத்தான் போட்டேன். ஒரு கை அவள் வாயிலேயே இருக்க, திரும்பி மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். உலர்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் அவள் தன் வாய்க்குள் நுழைந்த அவன் விரலை எலும்பு வரைக்கும் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு பின்னுக்கு விழுந்தான்.

அவள் கழுவுகிற தொட்டியில் துப்பினாள். பைப்பைத் திறந்து வாய் கொப்பளித்தாள். திரும்பவும் கொப்பளித்தாள். என் கையைப் பார்த்தாள். அது தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமி," என்றாள். நாக்கு வீங்கிச் சொல் குழறியது. "நான் போறன். பொலிசுக்குக் காருக்குள்ளை இருந்து அடிக்கிறன். வாங்கோ."

"நான் வரேல்லை. பொலிஸ் வரேக்கை இவன் ஒரு கதை சொல்லுவான். கண்ட ஆள் ஒண்டு இஞ்சை இருக்கவேணும்."

"உங்களுக்கும் அடிப்பார்."

"அடிச்சால் அதையும் சேத்துச் சொல்லுவன். நில்லாதை. போ."

"சனம் என்ன சொல்லும், மாமி?"

"சனத்துக்கு நான் சொல்லுறன். போ எண்டால் போ, பிள்ளை."

காரின் திறப்பையும் கைப்பையையும் எடுத்தாள். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். முன்கதவை அகலத் திறந்தாள். எதிர்வீட்டுக் கிழவர் நாயோடு றோட்டில் நின்றவர் நின்றபடியே நின்றார். அவர் பார்க்க, பட்டப்பகலில், மண் ஒட்டிய முழங்காலோடு, வாயில் இரத்தத்தோடு, அந்தக் கதவால் இறங்கிப் போனாள்.

நான் நல்ல கையால் ஒரு கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு இருந்தேன். சுகிர்தன் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான்.

"எழும்பணை அம்மா."

"ஏலாது."

"எழும்பு எண்டுறன்."

வெளியே கார் பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை.