ஸ்வெட்டர் கைக்குள்

நீலகிரியில் எங்கள் அரவேணுப் பக்கம் மழைக்காலத்தில் எந்தப் புண்ணைக் கண்டாலும் அட்டை கடித்தது என்று சொல்லிவிடுவோம். என் நாயின் காதோரம் வட்டமாக முடி கொட்டியபோது நானும் அப்படியே முடிவு கட்டிச் சுண்ணாம்பைத் தடவினேன். வட்டம் பெரிதானது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் பேசினால் காது கொடுக்க அந்த நாய் மட்டும்தான். என் கம்பளிக்குள் புகுந்தால்தான் அதற்குத் தூக்கம் வரும். எனக்கும் அப்படியே. திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். யாரிடமோ காட்டிவிட்டு, "சொறியாம்ப்பா, எண்ணெய் ஒண்ணு சொல்றாங்க, போடுங்க" என்றான். போட்டேன். இன்னொரு வட்டம் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஏனுங்க, கொழந்தைங்க இருக்கற ஊடுங்க. எங்காச்சும் கொண்டுபோய் விட்டுருங்க" என்றார். கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இதுவும் போய்விட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும்.

மறுநாள் நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் கோத்தகிரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் செல்போன் படத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. நாயின் முடியை விலக்கி, வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"படர்தாமரைங்க. சொறியா இருந்தாலும் போட்டோவுல இப்படியேதான் தெரியும். மருந்து வேறங்க."

மனிதருக்கும் ஒட்டும்தான், ஆனால் நாயைத் துரத்த வேண்டியதில்லை, ஆறும் வரை படுக்கையில் சேர்க்காமல் இருந்தால் போதும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"உங்க ஸ்வெட்டர் கையக் கொஞ்சம் ஏத்துங்க."

முழங்கைக்குக் கீழே அதே வட்டம். கம்பளி நூல் அரிப்பு என்று நான் பாட்டுக்குச் சொறிந்துகொண்டிருந்தேன். குளிர் ஊரில் யார் கையை யார் பார்க்கிறார்கள்? அவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இத நீங்க தோல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டோணுங்க. ஊட்ல யாரும் பாக்கலீங்களா?"

ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மகன் வீடியோ காலில் வந்தான். நாய்க்குச் சரியாகிவிடும் என்றேன். கதவுக்கு வெளியே அது பிறாண்டிக்கொண்டிருந்தது.

"நீங்க எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லாருக்கேன்."

அவனுக்கு என் முகம் மட்டும் தெரிந்தது. நம்பிவிட்டான்.