சுவரில் தட்டிய கரண்டி

எங்கள் ஊரில் வயலின் என்றால் அது மாதா கோயில் வாத்தியம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசை நகரும்போது நான் வாசிப்பேன். சின்னமனூரில் கணக்கு டீச்சர் வேலை, ஊரில் இந்த வயலின். இரண்டிலுமே தாளில் இருப்பதைத் தாண்டிப் போகும் தைரியம் எனக்குக் கிடையாது. கும்மி மெட்டுகளை அதில் வாசிக்கக் கற்றுக்கொள்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கற்றுக்கொண்டதற்குக் காரணம் என் அக்கா. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அக்காவுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிற குரல். பொங்கல் சாயந்தரம் கோயிலுக்கு முன்னால் பெண்கள் கும்மி அடிக்கும்போது அவள்தான் அடியெடுத்துக் கொடுப்பாள். அவள் ஓர் அடி பாட, நாங்கள் எல்லோரும் கைதட்டிச் சுற்றிக்கொண்டே அதைத் திருப்பிப் பாடுவோம்.

அந்த வருஷம் அவள் கழுத்தில் வந்த கட்டி குரல் நரம்பையும் பிடித்திருந்தது. தேனியில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல்தான் காற்றாகிவிட்டது. பொங்கல் நெருங்கியபோது, "நான் வரலடி. வாயிருக்கவ போய் கும்மி அடிக்கட்டும்" என்றாள், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற குரலில்.

எனக்குச் சட்டென்று அழுகை வராது, கோபம்தான் வரும். முந்தின பொங்கலில் போனில் எடுத்த வீடியோவைத் தேடிப் பிடித்தேன். அக்கா பாடுகிற அடியை வயலினில் வாசித்துவிட்டால் அவள் வட்டத்தில் நிற்கலாமே என்று கணக்குப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

கோயில் பாட்டில் ஒவ்வொரு சுரமும் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக இருக்கும். கும்மி மெட்டு அப்படி இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போய், நடுவில் எங்கேயோ நின்று, திரும்பி வரும். அந்த நடு இடத்துக்கு என் விரல் போகவே மறுத்தது. வீடியோவில் கேட்டதை எழுதிவைத்து வாசித்தால் அது ஏதோ திருப்பலிப் பாட்டாகவே வந்தது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "யாரு வீட்டுல இறந்துட்டாக?" என்று கேட்டார். அவருக்கு வைத்திருந்த காபியை நானே குடித்தேன்.

அப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒருநாள் சுவரில் டங்கென்று சத்தம். நிறுத்தினேன். மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் மறுபடி டங். அக்கா அடுப்படியில் நின்று கரண்டியால் தட்டுகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் விரலைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன். சத்தம் வரவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் பூசையிலும் நான் அனுபவித்ததில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களுக்கு இதுதான் வேலை. நான் தப்பாக வாசித்தால் கரண்டி பேசும். சரியாக வாசித்தால் பேசாது. நேரில் பார்க்கும்போது இரண்டு பேரும் தண்ணி வந்ததா, பழ வியாபாரி வந்தாரா என்றுதான் பேசிக்கொண்டோம். எழுதிய தாளை எங்கே வைத்தேன் என்றே மறந்துபோனது. கும்மி முடிந்து தெம்மாங்கு, தாலாட்டு என்று மெட்டு மெட்டாக என் வில் போய்க்கொண்டிருந்தது.

பொங்கல் அன்று அக்கா வட்டத்துக்கு வரவில்லை. கோயிலுக்கு எதிர்த்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் கோயில் முன்னால் நின்று முதல் அடியை வாசித்தேன். கரண்டி கேட்டால் வாயடைத்துப்போகும் அளவுக்குச் சுத்தமாக வாசித்தேன்.

ஒருத்தியும் கைதட்டவில்லை. வயலின் சத்தம் கேட்டதும் வட்டத்தில் நின்ற அத்தனை பேரும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். கைகளைக் குவித்தார்கள். ஓரத்தில் நின்ற அத்தை ஒருத்தி சிலுவையும் போட்டுக்கொண்டாள். அத்தனை வருஷப் பூசைப் பழக்கம் அவர்கள் கையில் இருந்தது. அக்காவுக்காகச் செய்ததெல்லாம் அவள் கண் முன்னாலேயே சாவு வீட்டு அமைதியாகிவிட்டதே என்று வில்லை இறக்கினேன்.

நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து வந்தாள். வட்டத்துக்குள் நுழைந்து பக்கத்தில் நின்றவளின் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, இங்கன பூசையா நடக்குது? கையத் தட்டுங்கடி."

காற்றுக் குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவளே குனிந்து முதல் தட்டுத் தட்டினாள். நான் அடியை வாசித்துவிட்டு நிறுத்தினேன். சுரம் என்னிடம் இருந்தது, சொல் இல்லை. பெண்கள் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உதடு அசைந்தது. அந்த உதட்டைப் படித்துக்கொண்டே மொத்த வட்டமும் பாடியது. அடுத்த அடிக்கு நானும் அவள் உதட்டையே பார்த்தேன். இருட்டுகிற வரை அவள் ஓயவில்லை.

மறுநாள் மாட்டுப்பொங்கல். களைப்பில் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சுவரில் டங்கென்று கேட்டது. நான்தான் எதுவும் வாசிக்கவில்லையே என்று கையை நிறுத்திக் கேட்டேன். மறுபடியும் தட்டியது, இந்த முறை கும்மித் தாளத்தில். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தேன்.