எடுத்து வைத்த முருகன்

மலேசியாவில், ஜெராம் ஊர்த் தொழிற்சாலையில் பாய்லருக்கு நிலக்கரியோடு கழிவுக் காகிதத்தையும் போட்டு எரிப்பார்கள். காகிதம் பிரிக்கிற லோகேஸ்வரிக்கு ஜனவரி வந்தால் வாய் ஓயாது. பழைய காலண்டர்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். "சாமி படத்த நெருப்புல போட்டா கை வெளங்காமப் போயிரும்லா!" என்று தீ போடும் சுகுமாறனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு படத்தையும் உருவி, கண்ணில் ஒற்றி, சுவரோரம் சாத்தி வைப்பாள்.

இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க மோட்டார் சைக்கிளில் கிளம்பிய அவளுடைய ஒரே மகன் புவனேசன், வழியிலேயே லோரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, சுகுமாறன் ஒரு முருகன் படத்தைத் தூசி தட்டி நீட்டினான். "அக்கா, ஒங்களுக்காக எடுத்து வச்சேன்."

வாங்கியவள் அதைக் கண்ணில் ஒற்றவில்லை. எரிகிற பாய்லருக்குள் வீசினாள்.

"என் புள்ளைய அவரு எடுத்து வச்சாரா?"